லேப்டாப் திரை காட்டும் சிவப்பு எவ்வளவு சிவப்பு?

பி.ஆர்க் படிப்பிலோ டிசைன் படிப்பிலோ சேர்ந்த பிள்ளைக்கு லேப்டாப் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், கடைக்காரர் முதலில் சொல்வது பிராசஸர் பெயரைத்தான். அப்புறம் ரேம், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. திரையைப் பற்றிக் கேட்டால் 'ஃபுல் எச்டி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தப் புள்ளிகளால் எந்தெந்த நிறங்களைக் காட்ட முடியும் என்பது வேறு விஷயம். டிசைன் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெரும்பாலான எல்சிடி திரைகளுக்குப் பின்னால் இருப்பது நீல எல்இடி. அதன் மேல் பூசியிருக்கும் பாஸ்பர், நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த வெள்ளை ஒளிக்கு முன்னால் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள். எந்த வடிகட்டிக்கு எவ்வளவு ஒளி போக வேண்டும் என்பதை, தண்ணீர்க் குழாயைத் திருகுவது போலக் கூட்டியும் குறைத்தும் விடுவது நடுவிலுள்ள திரவப் படிகம். நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை என்பதால், மூன்று ஒளிகளின் கலவையே பல லட்சம் நிறங்களாகத் தெரிகிறது.

விலை குறைந்த திரைகளின் சிக்கல் அந்த வடிகட்டியில்தான். நல்ல அடர்த்தியான சிவப்பு வடிகட்டி மற்ற நிறங்களை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஒளியையும் நிறைய விழுங்கிவிடும். வெளிச்சம் குறையாமலிருக்க பின்விளக்கைக் கூட்ட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். அடர்த்தி குறைந்த வடிகட்டி போட்டால் இந்தச் செலவு இல்லை. பதிலுக்குப் பச்சையும் மஞ்சளும் கொஞ்சம் கசிந்து வரும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் போய் நிற்கும்.

இதை அளக்க ஒரு வரையறை உண்டு. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைதான் இன்றும் இணையத்தின் பொது அளவுகோல். ஆனால் பல லேப்டாப் விவரப் பட்டியல்களில் '45% என்டிஎஸ்சி' என்றிருக்கும். அது 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த எல்லை. அந்தக் கணக்கில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 45 என்றால் அதில் சுமார் 60 சதவீதம்தான்.

இதனால் என்ன நடக்கும்? நிறம் மங்கலாகத் தெரியும் திரையில் போஸ்டர் செய்கிற மாணவர், சிவப்பு எடுப்பாக இல்லையே என்று நிறச் செறிவைக் கூட்டுவார். அதே கோப்பை ஆசிரியர் நல்ல மானிட்டரில் திறந்தால் கண் கூசும். மாணவரின் ரசனையில் குறையே இல்லை. அவர் பார்த்த நிறம் வேறு, அவ்வளவுதான்.

இன்னொன்று, படிநிலைகள். எட்டு பிட் திரையில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 256 படிகள், மொத்தம் சுமார் 1.67 கோடி நிறங்கள். ஆறு பிட் திரையில் 64 படிகள், 2,62,144 நிறங்களே. இடைப்பட்ட நிறம் வேண்டுமானால் பக்கத்துப் படிகள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாகக் காட்டிச் சமாளிக்கும். மாலை வானம் மாதிரி மெல்ல மாறும் நிறங்களில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் திரையையும் சந்தேகப்படுங்கள்.

திரை போகட்டும், ரேமுக்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஏ3 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,508 × 4,961, அதாவது சுமார் 1.74 கோடி புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்றால், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தளங்களில் ஒன்றுக்கு, அதாவது ஒரு லேயருக்கு, சுமார் 70 எம்பி. சுருக்காமல் வைத்தால் இருபது லேயருக்கு 1.4 ஜிபி. அண்டூ செய்வதற்காக மென்பொருள் பிடித்து வைக்கும் பழைய நிலைகள், விண்டோஸ், பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். எட்டு ஜிபி மூச்சு முட்டும், 16 வேண்டும். இன்று மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுவதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நம்பி வாங்கக் கூடாது.

கிராபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப், 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம். குறைந்த வாட்டில் ஓடுவது, முப்பரிமாண மாதிரியைப் படமாக்கும் ரெண்டரிங்கில் நன்றாகவே பின்தங்கும். ரெவிட், சாலிட்வொர்க்ஸ், 3டிஎஸ் மேக்ஸ் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் ஆப்பிளின் மேக்கில் நேரடியாக ஓடாது என்பதால், பாடத்திட்டத்தில் எந்த மென்பொருள் வருகிறது என்று சீனியர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பே இரண்டு விதத் திரைகளோடு வருவதுண்டு. பில் போடும் முன் பெட்டியிலுள்ள முழு மாடல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, எஸ்ஆர்ஜிபி சதவீதத்தைப் பாருங்கள். ஏற்கெனவே மங்கல் திரை கைக்கு வந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை, 100% எஸ்ஆர்ஜிபி காட்டும் தனி மானிட்டர் ஒன்றை விடுதி மேசையில் இணைத்துக்கொள்ளலாம். நிறம் சேர்க்கும் வேலையை மட்டும் அதில் செய்தால் போதும்.