கடல் செயற்கைக்கோள் தரவு: சேலத்தில் இருப்பவருக்கும் இலவசம்தான்

இந்திய விண்வெளிக் கொள்கை 2023-இல் பலர் கவனிக்காமல் விட்ட விதி ஒன்று உண்டு. இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களில் பிக்சல் அளவு (ஒரு படப்புள்ளி தரையில் காட்டும் அகலம்) 5 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் யாருக்கும் இலவசம். அதைவிட நுணுக்கமான படங்கள் அரசுத் துறைகளுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்களுக்கு விலைக்கு. கடலைப் பார்க்கும் கருவிகள் எல்லாம் முதல் வகையில் வந்துவிடுகின்றன. ஆகவே சேலத்துக் கல்லூரியில் புவியமைப்பியல் படிப்பவர் கடற்கரை ஊருக்குப் போகாமலே வேலையைத் தொடங்கலாம்.

இஸ்ரோவின் கடல் பார்க்கும் செயற்கைக்கோளான ஓசன்சாட்-3 ஏவப்பட்டது 2022 நவம்பர் 26-இல். அதன் நிற உணர்கருவி 13 அலைவரிசைகளில் கடலைப் படமெடுக்கிறது. பிக்சல் ஏறக்குறைய 360 மீட்டர், அதாவது ஒரு பிக்சலுக்குள் சுமார் 13 ஹெக்டேர். ஏற்காடு ஏரியில் பழகிப் பார்க்கலாமே என்று நினைக்க வேண்டாம். ஒரு பிக்சலிலும் தண்ணீர் தனியாக நிற்காது, கரையும் மரமும் கலந்துதான் வரும். மேட்டூர் அணை நிரம்பியிருக்கும்போது முயலலாம்.

நிறப் படங்களுக்கு ஐதராபாத் தேசிய தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம். கடற்காற்றுத் தரவுக்கு அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளம். பெயர் பதிந்து, கருவி, தேதி, பரப்பு மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மூலப் படத்தை எடுத்து நேரடியாகக் கடல்நீரிலுள்ள நுண்பாசிகளின் பச்சையத்தைக் கணக்கிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கடல் மேலிருந்து கருவிக்கு வரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலத்தினுடையது. அதைக் கழித்த தயார்நிலைப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஆய்வு வேறு, அன்றாடச் சேவை வேறு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடத்தை மீனவருக்குச் சொல்கிறது: இந்த இறங்குதளத்திலிருந்து இந்தத் திசை, இத்தனை கிலோமீட்டர், இவ்வளவு ஆழம். படகு கிளம்பும் முன் கையில் கிடைக்காவிட்டால் அந்தத் தகவலால் பயனில்லை. ஆய்வேட்டுக்காரர் மேகமில்லாத நாட்களைப் பொறுக்கியெடுத்துக் கொள்ளலாம். சேவைக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் உங்கள் கணக்கீட்டு முறை சேவைக்கும் பயன்பட வேண்டுமானால், அதை ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறக் கருவியும் அகச்சிவப்பு வெப்பப் படமும் மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. நுண்ணலைக் கருவி பார்க்கும். ஆனால் அதன் கட்டம் சுமார் 25 கிலோமீட்டர், கரையோரம் நிலத்தின் சிக்னலும் கலந்துவிடும். பாக் நீரிணை போன்ற கலங்கல் நீரில் சேற்றையே பச்சையம் என்று சூத்திரம் கணக்குக் காட்டும். எந்தப் பிக்சலை ஒதுக்கினோம், ஏன் ஒதுக்கினோம் என்று குறித்து வைக்காத முறையை எந்தச் சேவையும் தொடாது. செயற்கைக்கோள் பழுதானால் மாற்று எது என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஓசன்சாட்-2-இன் காற்றளவி 2014-இல் நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்பிய ஸ்காட்சாட்-1 ஏறியது 2016 செப்டம்பரில்தான்.

பணத்துக்குப் புவி அறிவியல் அமைச்சகத்தைப் பாருங்கள். 2024 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற ₹4,797 கோடி பிருத்வி திட்டத்தில் ரீச்அவுட் பிரிவு ஆய்வு, கல்வி, பயிற்சிக்கானது. பயிற்சி இன்காய்ஸ் வளாகத்திலுள்ள பன்னாட்டுக் கடலியல் பயிற்சி மையத்தில் நடக்கிறது.

படகுகளின் பிடிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதாக இருந்தால், தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அந்த நாட்களில் இன்காய்ஸ் மீன்வள அறிவிப்பும் இங்கே வராது.