‘பப்ளிக் சார்ஜ்’: கட்டணமும் அன்று, குற்றச்சாட்டும் அன்று

வாழ்க்கைக்கு அரசின் உதவியையே நம்பியிருப்பவரைக் குறிக்கும், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ‘பப்ளிக் சார்ஜ்’ என்னும் தொடரைத் தமிழில் ‘பொதுக் கட்டணம்’ என்று எழுதுவதை இனியும் பொறுத்துக்கொண்டு படிக்க இயலவில்லை. சிலர் கையில் அது ‘பொதுக் குற்றச்சாட்டு’ என்றும் ஆகிவிடுகிறது. அரசின் உதவித்தொகை பெறும் முதியவர் ஒருவர் இதைப் படித்தால், தாம் பணம் கட்டவேண்டும் என்றோ தம்மீது வழக்கு இருக்கிறது என்றோதான் அஞ்சுவார்.

வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த இலத்தீன் வினை, பிரெஞ்சு வழியாக ‘சார்ஜ்’ ஆயிற்று. கட்டணம், குற்றச்சாட்டு முதலிய மற்றப் பொருள்கள் பிற்காலக் கிளைகள். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாமல் ‘பப்ளிக் சார்ஜ்’ ஆகக்கூடியவரைக் கரையிறங்க விடலாகாது என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியபோது, அந்தப் பாரப்பொருளே கருதப்பட்டது. அதே சட்டம் கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டார் ஒவ்வொருவருக்கும் 50 சென்ட் வரியும் விதித்தது. கட்டணம் என்று எழுத விரும்புவோர் அந்த வரியை அப்படி எழுதட்டும்.

‘பொதுச்சுமை’ என்பார் மூலத்துக்கு அருகில் வருகின்றனர். ஆயினும், ‘உங்களுக்குச் சுமையாக இருக்க விரும்பவில்லை’ என்று சொல்லும் தமிழில், யாருக்குச் சுமை என்பது விளங்கியாக வேண்டும். ‘பொதுச்சுமை’யோ எல்லாரும் சேர்ந்து தூக்கும் வரியையோ கடனையோ நினைவூட்டுகிறது. ஆளைக் குறிக்கவேண்டும் என்று ‘பொதுச் சுமையாள்’ எனப் புனைவது இன்னும் மோசம்: சுமையாள் என்பவர் சுமையைத் தூக்குபவர், பிறர் தூக்கும் சுமை அல்லர். ‘அரசுச் சார்பாளர்’ என்றால் ஆளுங்கட்சிக்காரர் போல் ஒலிக்கிறது. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் தமிழ்ப்பற்று ஆகாது. ‘அரசை அண்டி வாழ்பவர்’ என்பதே என் தேர்வு. மூலத்திலுள்ள சுருக்கென்ற உறுத்தலும் அதில் சிறிது தங்குகிறது.

‘பப்ளிக் சார்ஜ்’ ஆகக்கூடியவருக்கு உள்ள தடை விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் உரியது. குடியுரிமை விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை. உதவியைப் பொய் சொல்லிப் பெற்றிருந்தால் மட்டும் அது நன்னடத்தைக் கேள்வியாக எழும். இந்த வேறுபாட்டைப் பல மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்ததாகவே தெரியவில்லை. வருமானம் பார்த்து வழங்கப்படும் அரசு உதவியை நேர்மையாகப் பெறுபவர், அதையே சான்றாகக் காட்டிக் குடியுரிமை விண்ணப்பக் கட்டணத்திலிருந்து விலக்குக் கோரலாம். ‘பொதுக் கட்டணம்’ என்ற பெயர்ப்பு அவரைத்தான் முதலில் அச்சுறுத்துகிறது.