பழைய வாட்சா, மறுபதிப்பா: தினமும் கட்ட எது?

1965-இல் சீக்கோ நிறுவனம் ஜப்பானின் முதல் டைவர் வாட்சை, அதாவது தண்ணீரில் மூழ்கிச் செல்பவர்களுக்கான வாட்சை, வெளியிட்டது. 150 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று சொல்லி விற்றார்கள். 2017-இல் அதே தோற்றத்தில் அதை மறுபடியும் செய்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் தினமும் கட்டிக்கொள்ள எது என்று கேட்டால், பின்மூடியைக் கழற்றித்தான் பதில் தேட வேண்டும்.

சாவி கொடுத்த வாட்சுக்குள் இறுகிய சுருள்வில் ஒன்று மெல்லத் தளர்கிறது. அந்த விசை பற்சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங்கின் பிடியில் அது இடமும் வலமுமாக ஆடுகிறது. பழைய வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 18,000 ஆட்டம், அதாவது நொடிக்கு ஐந்து. இன்றைய மறுபதிப்புகள் பலவற்றில் 28,800, நொடிக்கு எட்டு. கையை வீசும்போது ஆட்டம் கொஞ்சம் கலையும். வேகமாக ஆடுவது அதிலிருந்து சீக்கிரம் மீண்டுவிடும். இருந்தாலும் நன்றாகச் சர்வீஸ் செய்த பழைய வாட்ச் ஒன்று நாளுக்குப் பத்து நொடி பிசகினால், 86,400 நொடிகளில் அது 8,640-இல் ஒரு பங்குதான். நேரம் தப்பும் என்பதற்காகப் பழையதை ஒதுக்குவது நியாயமே இல்லை.

உண்மையான சிக்கல் எண்ணெய். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அது மாணிக்கக் கல்லில் செய்த குழிக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயில் சுழல்கிறது. 18,000 ஆட்டம் என்றால் ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஆண்டுகள் போகப் போக எண்ணெய் பிசுபிசுத்து, வற்றிவிடும். அப்புறம் அச்சு முனை நேரடியாகக் கல்லோடு உரசும். உதிரும் தூள் மிச்ச எண்ணெயோடு கலந்து அரம் போல அச்சைத் தேய்க்கும். கொடுமை என்னவென்றால், வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முப்பது வருடம் அலமாரியில் கிடந்த வாட்சுக்குத் தேய்மானம் மிகக் குறைவு. ஓடுகிறதே என்று சந்தோஷமாக எடுத்துக் கட்டிய நாளிலிருந்துதான் அது தேயத் தொடங்குகிறது.

அடுத்தது தண்ணீர். சாவி கொடுக்கும் திருகான கிரவுனிலும் பின்மூடியிலும் உள்ள ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். மாற்றலாம், ஆனால் அவை உட்காரும் உலோகப் பள்ளம் அரித்திருந்தால் புது வளையமும் சரியாகப் பொருந்தாது. 150 மீட்டர் என்ற கணக்கு வாட்ச் புதிதாக இருந்தபோது சொன்னது. இன்று கை கழுவும்போதுகூடக் கழற்றி வைப்பது நல்லது.

கண்ணாடியில் எனக்குப் பழையதன் மேல் கொஞ்சம் பாசம் உண்டு. அதிலுள்ள அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் சுலபமாகக் கீறும், ஆனால் தேய்த்துப் பாலிஷ் போட்டால் கீறல் போய்விடும். மறுபதிப்புகளில் பெரும்பாலும் சஃபையர், அதாவது செயற்கை நீலக்கல். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது 9, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எனவே மணல் அதைக் கீறாது. பலமாக அடிபட்டால் மட்டும் சிதறக்கூடும்.

இருட்டில் ஒளிரும் பூச்சைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வாட்சுகள் பலவற்றில் கதிரியக்கம் உள்ள ரேடியம் பூசினார்கள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டு. ஒளிரும் துத்தநாக சல்பைடு கதிர்வீச்சால் கெட்டுப்போவதால் வெளிச்சம் நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது. பூச்சு உதிர்ந்து தூளாகி மூச்சோடு உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. அதனால் அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்கவே கூடாது. பிறகு வந்த டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அறுபது ஆண்டில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். இன்றைய பூச்சுகள் பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒளிரும், கதிரியக்கம் கிடையாது.

ஆகவே, வெயில், மழை, பேருந்து நெரிசல் என்று தினமும் உழைக்கும் கைக்கு நான் மறுபதிப்பைத்தான் சொல்வேன். பழையதுதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், சரி, வாங்குங்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது கடைசியாக எப்போது எண்ணெய் போட்டார்கள் என்பதை. பதில் தெளிவாக வரவில்லையென்றால் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அது முடியும் வரை சாவி கொடுக்காதீர்கள்.