தமிழ் வாயில் வந்தால் பத்து ரூபாய் அபராதமா?

போன வாரம் பல்லடம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா வந்திருந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். முதலாமாண்டு படிக்கும் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ஏனுங்க மேடம், இனி காலேஜுக்கே வர மாட்டேங்கறானுங்க" என்றார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பையன், கணக்கில் கெட்டி. இங்கிலீஷ் வராவிட்டால் இன்ஜினியரிங்கில் தேறவே முடியாது என்று யாரோ சொல்ல, '30 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று பேனர் கட்டிய ஓரிடத்தில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்த்திருக்கிறார். பாதி கடன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பையன்களுக்கான தமிழக அரசின் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் இவனுக்கு மாதம் வரும் 1,000 ரூபாய் அந்தக் கடனுக்குத்தான் போகிறது.

அந்த வகுப்பில் ஒரு விதி. தமிழ் வாயில் வந்தால் சொல்லுக்குப் பத்து ரூபாய் அபராதம். பையன் என்ன செய்வான்? 30 நாளும் வாயைத் திறக்கவே இல்லை.

பதினேழு வருடமாக முதலாமாண்டுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். இதே கதையோடு இந்த வருடம் என்னிடம் வந்த ஐந்தாவது பிள்ளை இவன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு டென்ஸும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, கட்டம் கட்டமாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் 'ஐ வில் ஹேவ் பீன் கோயிங்'. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் வகுப்புக்கு வெளியே பேசியதில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "அப்பா ஓட்டற தறி எப்படி ஓடும்னு எனக்குச் சொல்லு கண்ணு, தமிழ்லயே சொல்லு" என்றேன். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல், ஊடையைக் கொண்டுபோகும் நாடா, அதற்குள் ஊடை நூல் சுற்றிய தார் என்று கையால் காட்டிக் காட்டிப் பத்து நிமிடம் பேசினான். ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கிறதே, அதற்கு ஒரு படம்கூடப் போட்டான். அப்புறம் மூன்று சொல் கொடுத்தேன். பாவுக்கு வார்ப், ஊடைக்கு வெஃப்ட், நாடாவுக்கு ஷட்டில். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இஃப் வெஃப்ட் பிரேக், லூம் ஸ்டாப்" என்றான். இரண்டு இடத்தில் இலக்கணம் இடறுகிறது. இடறட்டும், எனக்குப் புரிந்ததே! அவன் அப்பா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழில் யோசிப்பதால்தான் இங்கிலீஷ் வரவில்லை என்று இந்தப் பிள்ளைகளிடம் யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! கோயம்புத்தூரில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசி, வாசலைத் தாண்டினால் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனை? வீட்டுமொழியை விட்டால்தான் தமிழ் வரும் என்று அவர்களிடம் யாராவது சொன்னோமா? ஒரு மொழி உள்ளே வர இன்னொன்று வெளியே போக வேண்டியதில்லை. விசை என்றால் என்னவென்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு 'ஃபோர்ஸ்' ஒரு புதுப் பெயர், அவ்வளவுதான். புரியாத பிள்ளைக்கு அது வெறும் சத்தம். 'நான் டீ குடித்தேன்' என்பதில் வினை கடைசியில் வருகிறது, இங்கிலீஷில் அது நடுவுக்குப் போகிறது. இதைத் தமிழில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரியும். இங்கிலீஷிலேயே சொல்வேன் என்று அடம்பிடித்தால் ஒரு மணி நேரம் போகும், பாதி வகுப்பு தலையை மட்டும் ஆட்டும். எல்கேஜி பிள்ளையின் பெற்றோரிடம் வீட்டில் தமிழ் பேசாதீர்கள் என்று சொல்லி அனுப்பும் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

30 நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய மொழித்தர அளவில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். மூன்றாவது படியான பி1 வந்தால்தான் தெரிந்த விஷயத்தைத் தட்டுத்தடுமாறாமல் பேசலாம். அடியிலிருந்து அங்கே வர, வகுப்பில் மட்டும் 350 முதல் 400 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் என்றாலும் 30 நாளில் வருவது 60 மணி நேரம். உத்தரவாதம் என்று பேனர் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ன!

புதிதாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் இரண்டு மாதம் வகுப்பில் பாதி புரியாது. அதற்காக ஓடாதீர்கள். இன்ஜினியரிங் கல்லூரிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் இ-கும்ப் இணையதளத்தில் இன்ஜினியரிங் பாடநூல்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. நாளைய பாடத்தை இன்று இரவு அதில் படித்துவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், காது தானாகத் திறக்கும். ஐஐடி ஆசிரியர்கள் இலவசமாகப் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோவை வேகம் குறைத்து, எழுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். தினம் பத்துச் சொல் போதும், பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் நாக்கு பழகாது. வகுப்பில் கேட்க ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பார்த்தே கேளுங்கள். எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் என்னிடம் வாருங்கள்.

ஹாஸ்டலில் கூட இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். அறைத்தோழன் தப்பும் தவறுமாகப் பேசும்போது சிரிக்காதீர்கள். அந்த ஒரு சிரிப்பு அவனை ஒரு செமஸ்டருக்கு ஊமையாக்கிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு: மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் கட்டாதீர்கள். அபராதம் போடும் வகுப்பில் சேர்க்கவே வேண்டாம். அப்படியும் ஓரிடத்தில் சேர்ப்பதென்றால், முதலில் ஒரு நாள் நீங்களும் பின் பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் பிள்ளை எத்தனை வாக்கியம் பேசியது என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேருங்கள்.