இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட முடியுமா?

2021 ஜூலை 11, வெம்ப்ளி மைதானம். யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 என்று நிற்க, ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. இங்கிலாந்தின் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. ஜேடன் சாஞ்சோவின் பந்தை இத்தாலி கோல்கீப்பர் டோன்னரும்மா தடுத்தார். கடைசியாக வந்தவர் புகாயோ சாகா. வயது 19. அவருடைய பந்தும் தடுக்கப்பட, கோப்பை இத்தாலிக்குப் போய்விட்டது. அன்றிரவே கறுப்பின வீரர்களான இந்த மூன்று பேருடைய சமூக ஊடகப் பக்கங்களிலும் நிறவெறி வசவுகள் குவிந்தன. சில நாள் கழித்து சாகா ஓர் அறிக்கை வெளியிட்டார். தனக்கு எந்த மாதிரியான வெறுப்பு வரப்போகிறது என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார்.

போனைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்கிறார். அப்படியென்றால் அடி விழுவது படிக்கும்போது மட்டுமல்ல. வரப்போகிறது என்று தெரிந்த நொடியிலேயே உடம்பு அதற்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறது. 'இதையெல்லாம் கண்டுகொள்ளாதே, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடு' என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கான விளக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பிரிட்டனின் ஆலன் டூரிங் ஆய்வு நிறுவனம், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 2021-22 சீசனில் முதல் ஐந்து மாதங்களில் வீரர்களைக் குறிப்பிட்டு வந்த 23 லட்சம் ட்வீட்களை ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கும் மேல் வீரர்களை ஆதரித்து எழுதப்பட்டவை. வசை என்று வகைப்படுத்தப்பட்டவை சுமார் 2.6 சதவீதம்தான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த 2.6 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 60,000 ட்வீட். அதிலும் பாதி, வெறும் 12 வீரர்களின் தலையில் விழுந்தது. பத்தில் ஏழு வீரர்களுக்கு ஒரு வசையாவது வந்திருந்தது. 14 பேரில் ஒருவருக்கு அது தினசரி வாடிக்கை. ஒரு தவறு, ஒரு பேட்டி, ஓர் அணி மாற்றம் என்று ஏதாவது ஒன்று நடந்த அன்று மொத்தமும் ஒரே ஆள்மீது கொட்டுகிறது. சராசரிக் கணக்கு அந்த ஆளின் இரவைக் காட்டாது.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? மனித மனம் நல்லதைவிடக் கெட்டதை அதிக எடைபோட்டு எடுத்துக்கொள்கிறது என்பது உளவியலில் பலமுறை உறுதியான ஒன்று. ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2001ல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது உறவு, பணம், கற்றல், நினைவு என்று எங்கே பார்த்தாலும் இதே போக்குத் தெரிந்தது. நூறு பேர் கைதட்டியதை மறந்துவிட்டு, ஒருவர் திட்டியதை மனம் இரவெல்லாம் அசைபோடும்.

இதைவிட முக்கியமானது 2004ல் சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் வெளியிட்ட ஆய்வு. மன அழுத்தம் பற்றிய 208 ஆய்வகச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லா அழுத்தமும் கார்டிசோல் என்ற ஹார்மோனை ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலை ஒன்று, என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை என்ற நிலை இன்னொன்று. இந்த இரண்டும் சேர்ந்த சோதனைகளில்தான் கார்டிசோல் மிக அதிகமாக ஏறியது. இறங்கவும் அதிக நேரம் பிடித்தது.

ஒரு கால்பந்து வீரரின் நிலையை இதில் பொருத்திப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்கள் எடைபோடுகிறார்கள். தவறவிட்ட பெனால்டியைத் திரும்ப அடிக்க முடியாது, எழுதுகிறவர்களை நிறுத்தவும் முடியாது. இரண்டு நிபந்தனைகளும் முழுதாகப் பூர்த்தியாகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் எச்சரிக்கை கொடுக்க, அது பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. கார்டிசோல் ரத்தத்தில் கலக்கிறது. இரவில் இயல்பாகவே தாழ்ந்திருக்க வேண்டிய ஹார்மோன் இது. இரவு ஆட்டம் முடிந்து வருகிறவருக்கு ஏற்கெனவே தூக்கம் எளிதில் வராது. படுக்கையில் கிடந்தபடி கமென்ட் படித்தால், சேதம் மனதோடு நிற்காமல் தசைகள் பழுதுபார்க்கப்படும் தூக்கத்தையும் தொடுகிறது.

இனி அந்த அறிவுரைக்கு வருவோம். டேனியல் வெக்னர் 1987ல் செய்த சோதனை பிரபலமானது: வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே கரடிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பிற்பாடு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, ஆரம்பத்திலேயே அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஒன்றைத் தவிர்க்க வேண்டுமென்றால் அது வருகிறதா என்று மூளை காவல் காக்க வேண்டும்; காவல் காப்பதே அதை உள்ளே அழைத்து வந்துவிடுகிறது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் நடத்திய சோதனைகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. மனதைக் கலக்கும் காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் வெளியே அமைதியாகத்தான் இருந்தார்கள். உள்ளே உணர்ச்சி குறையவில்லை. தோல் வியர்வை போன்ற சில அளவீடுகள் உயரவே செய்தன. கேமரா முன்னால் சலனமில்லாமல் 'நான் எதையும் படிப்பதில்லை' என்று சொல்லும் வீரரைப் பார்த்து, அவருக்கு எதுவும் உறைக்காது என்று நாம் முடிவுகட்டுவது பெரிய தவறு.

திட்டுகிறவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் சமாளிக்கும் வழி ஒன்று அங்கே இருக்கிறது. ராபர்ட் சியால்டினி 1976ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கவனித்தது இது: தங்கள் அணி வென்றால் 'நாம ஜெயிச்சோம்' என்றார்கள், தோற்றால் 'அவங்க தோத்துட்டாங்க' என்றார்கள். வெற்றியில் ரசிகர் தன்னை அணியோடு ஒட்டிக்கொள்கிறார். தோல்வியில் அந்த வலியைக் கொண்டுபோய் இறக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. பெயரை மறைத்துக்கொள்ளும் வசதிதான் இவர்களைத் தூண்டுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த யூரோ தொடரில் வசைக்காக நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் அடையாளம் காணக்கூடியவை என்று ட்விட்டரே பின்னர் சொன்னது. இஸ்ரேலைச் சேர்ந்த நோம் லாபிடோட்-லெஃப்லர், அஸி பராக் இருவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. பெயர் தெரியாமல் இருப்பதைவிட, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதுதான் ஆளைக் கடுமையாகப் பேச வைத்தது. திட்டு வாங்குகிறவரின் முகம் சுருங்குவதைப் பார்க்கிற வாய்ப்பே எழுதுகிறவருக்குக் கிடையாது.

இது புரிந்தால் வீரருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று வாசிப்பதை, 'தோல்வியைத் தாங்க முடியாத ஒருவர் என்னைப் பார்க்காமலே எழுதியது' என்று வேறு பொருள் கொடுத்து வாசிக்கலாம். உணர்ச்சியை அடக்குவது வேறு, நிகழ்வின் பொருளை மாற்றிப் பார்ப்பது வேறு. கிராஸின் சோதனைகளில் பின்னதுதான் உள்ளுக்குள் இருந்த வேதனையையும் குறைத்தது. இன்னொரு எளிய உத்தியும் உண்டு. தனக்குள் பேசும்போது 'நான் ஏன் இப்படிச் செய்தேன்' என்று கேட்காமல், தன் பெயரைச் சொல்லி வேறொருவரிடம் கேட்பதுபோலக் கேட்பது. ஈதன் க்ராஸ், ஜேசன் மோசர் குழுவினர் 2017ல் மூளை அலைகளை அளந்தபோது, இப்படிப் பேசியவர்களிடம் உணர்ச்சிக் கொதிப்பைக் காட்டும் சமிக்ஞை ஒரே நொடிக்குள் தணிந்தது.

இருந்தாலும், என் பார்வையில் இதைவிடப் பலன் தருவது 'கையில் இல்லை' என்ற அந்த இரண்டாவது நிபந்தனையை உடைப்பதுதான். கமென்ட் பகுதியை நண்பர்களுக்கு மட்டும் திறப்பது, குறிப்பிட்ட சொற்கள் உள்ள மெசேஜ்களைத் தானாக ஒதுக்கும் இன்ஸ்டாகிராம் ஃபில்டரைப் போட்டுவைப்பது, கணக்கையே வேறொருவர் கையில் கொடுத்துவிடுவது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இவை ஒவ்வொன்றும், எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்ற முடிவைத் திரும்பவும் வீரரிடம் கொடுக்கின்றன. 2025ல் சுவிட்சர்லாந்தில் நடந்த மகளிர் யூரோ தொடரின்போது இங்கிலாந்து தடுப்பாட்டக்காரர் ஜெஸ் கார்ட்டருக்கு நிறவெறி வசைகள் வந்தன. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வெளிப்படையாக அறிவித்தார்: சமூக ஊடகத்திலிருந்து விலகியிருக்கிறேன், அதை ஒரு குழு பார்த்துக்கொள்ளும். சக வீராங்கனைகள் அவர் பக்கம் நின்று பேசினார்கள். ஒரு வாரம் கழித்து ஸ்பெயினுக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவர் தொடக்க அணியில் இருந்தார், கோப்பையும் வந்தது. எதுவும் பாதிக்காததுபோல அவர் காட்டிக்கொள்ளவில்லை. பாதிக்கிறது என்று சொல்லிவிட்டு, பாரத்தை இடம் மாற்றினார்.

பிரேசில் கால்பந்து வீரர் ரிச்சார்லிசனும் அப்படித்தான் வெளியே வந்து பேசினார். 2022 உலகக் கோப்பைக்குப் பிறகு மனச்சோர்வு நோயில் சிக்கிய அவர், உளவியல் உதவிதான் தன்னைக் காப்பாற்றியது என்றும், முன்பெல்லாம் அப்படி உதவி தேடுவதை மதித்ததே இல்லை என்றும் சொன்னார். வீரர்களின் ஓய்வறையில் அந்த ஒரு பேட்டி செய்யும் வேலையை நூறு அறிவுரைகள் செய்யாது.

ஆனால் எல்லாவற்றையும் வீரரின் மனப்பயிற்சியில் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. 'சரியாக விளையாடவில்லை' என்ற விமர்சனத்துக்கு வேறு பொருள் தேடலாம். தோல் நிறத்தைச் சொல்லித் திட்டுவதற்கும் கொலை மிரட்டலுக்கும் எந்த நல்ல பொருளைத் தேடுவது? அதைத் தடுப்பது மற்றவர்களின் வேலை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சேவையை நடத்தின. 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளையும் கமென்ட்களையும் மென்பொருள் சலித்து, 19,000க்கும் மேற்பட்டவை வசை என்று உறுதிசெய்யப்பட்டன. எழுதியவர்களில் 300க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டார்கள். பிரிட்டனில் ராஷ்ஃபோர்டைத் திட்டி எழுதிய 19 வயது இளைஞர் ஒருவர் 2022ல் ஆறு வாரச் சிறைத் தண்டனை பெற்றார். இணையத்தில் இனவெறியோடு எழுதுகிறவர்களை மைதானத்துக்குள் விடாமல் தடுக்கவும் அங்கே அதே ஆண்டு சட்டம் வந்தது. மென்பொருளுக்கு ஓட்டைகளும் உண்டு: 2021ல் சாகாவின் பக்கத்தில் கொட்டப்பட்ட குரங்கு எமோஜிகளில் எழுத்தே இல்லை. கெட்ட சொற்களின் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் அவை சிக்கவே சிக்காது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் பெரும்பாலும் பெரிய தொடர்களையும் பெரிய கிளப்களையும் சுற்றியே இருக்கின்றன. கிளப்பின் இளையோர் பயிற்சி அகாடமியிலிருந்து முதல் அணிக்கு அப்போதுதான் ஏறி வரும் 17 வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் கணக்கைப் பார்த்துக்கொள்ளக் குழு கிடையாது. போன் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களுடைய முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே இரண்டு விஷயங்களைக் கிளப் முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: ஆட்டம் முடிந்த இரவில் இன்பாக்ஸை யார் திறந்து பார்ப்பது, மோசமாக விளையாடிய நாளில் இவர் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது.