31 டிகிரிக்கே வெளுத்துப்போகும் பவளம்: வெப்பம் தாங்கும் திறனை எப்படி அளக்கிறார்கள்?

மன்னார் வளைகுடாவில் கடல்நீர் 30, 31 டிகிரியைத் தாண்டிச் சில வாரம் அப்படியே நின்றுவிட்டால் பவளப்பாறைகள் வெளுக்க ஆரம்பித்துவிடும் என்று வேலூரில் சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. குடியாத்தத்தில் பத்தாவது படிக்கும் என் அக்கா மகள் நேராகவே கேட்டாள்: “இன்னா மாமா, 31 டிகிரிக்கேவா செத்துப்போவுது? நம்மூர்ல காலையில பல்லு வெளக்கும்போதே அவ்ளோ இருக்குதே?” கத்திரி வெயிலில் 42 டிகிரி பார்க்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் போனால், பவளத்தின் வெப்பம் தாங்கும் திறனை எப்படி அளப்பது என்ற பெரிய விஷயத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

முதலில் பவளம் என்ன என்று பார்த்துவிடலாம். அது பாறையும் இல்லை, செடியும் இல்லை, விலங்கு. பாலிப் என்கிற சின்னச் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அந்தப் பாலிப்பின் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கி சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுப்பது இவைதான், பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இந்தப் பாசியிடமிருந்து வருகிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் இந்தப் பாசியின் நிறம்தான். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. அப்போது பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வந்து பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் பட்டினியிலும் நோயிலும் செத்துவிடும்.

இப்போது அந்த 31 டிகிரி. ஏப்ரலில் வேலூரில் 38 டிகிரி என்றால் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். அதே 38 ஏலகிரி மலையில் அடித்தால் ஊரே கலங்கிவிடும். எத்தனை டிகிரி என்பதைவிட, அந்த இடத்துக்கு வழக்கமான உச்சத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கணக்கு. பவளத்துக்கும் இதேதான். பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரித் தண்ணீரில் பவளம் வாழ்கிறது. செங்கடலின் வடக்கு மூலையில் இருக்கும் அக்காபா வளைகுடாவில் கோடை உச்சமே 27 டிகிரியை ஒட்டித்தான், ஆனால் அங்குள்ள சில இனங்களைச் சோதனைத் தொட்டியில் போட்டு 5 டிகிரி கூட்டினாலும் தாக்குப்பிடிக்கின்றன. உலகத்தின் பெரும்பாலான பவளங்களுக்கு அவ்வளவு இடைவெளி கிடையாது. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி போனாலே ஆபத்து. கடல்நீரின் வெப்பம் காற்றைப் போல ஒரே நாளில் 15 டிகிரி ஏறி இறங்காது, அதனால் பவளத்துக்குப் பழகிய வரம்பும் குறுகலாகவே இருக்கிறது.

இந்த அடிப்படையில் கடலையும் வளிமண்டலத்தையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவா ஓர் அளவை வைத்திருக்கிறது. தமிழில் ‘வெப்ப வாரம்’ என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் ஆண்டின் 12 மாதங்களில் எந்த மாதத்தின் நீண்டகால சராசரி வெப்பம் மிக அதிகமோ, அதை அந்த இடத்தின் கோடை உச்சமாக எடுத்துக்கொள்கிறார்கள். செயற்கைக்கோள் அளக்கும் கடல் மேற்பரப்பு வெப்பம் அந்த உச்சத்தைவிட ஒரு டிகிரியோ அதற்கு மேலோ கூடினால், கூடின டிகிரியைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். ஒரு பேச்சுக்கு உச்சம் 30 என்று வைப்போம். தண்ணீர் நான்கு வாரம் 31.5 டிகிரியில் நின்றால் ஒன்றரையை நான்கால் பெருக்கி 6 வெப்ப வாரம். 30.5 டிகிரியில் எத்தனை வாரம் நின்றாலும் கணக்கில் சேராது. 4 வெப்ப வாரத்தில் கண்ணில் படுமளவு வெளுப்பு வரும், 8 ஐத் தொட்டால் கடுமையான வெளுப்பும் சாவும் வரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 2023 இல் தொடங்கிய வெளுப்பு அலையில் சூடு பல இடங்களில் இதையெல்லாம் தாண்டிப் போனதால், எச்சரிக்கைப் படிகளையே கூட்ட வேண்டி வந்தது. அந்த வெளுப்பு அலையைத்தான் 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு நிகழ்வு என்று அறிவித்தார்கள்.

இந்த அளவில் எனக்குப் பிடித்தது, சூட்டையும் நாளையும் சேர்த்துப் பார்ப்பது. ஆனால் இதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இது தண்ணீரை அளக்கிறது, பவளத்தை அளக்கவில்லை. செயற்கைக்கோள் கடலை 5 கிலோமீட்டர் கட்டமாகப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஆழமும் இருக்கும், ஆளின் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் பாரும், அதாவது பவளப்பாறைத் திட்டும், இருக்கும். அதனால் பாரிலேயே, பவளத்தின் பக்கத்தில், தீப்பெட்டி அளவுகூட இல்லாத வெப்பப் பதிவுக் கருவியை கேபிள் டையால் கட்டிவிட்டு வருகிறார்கள், குறித்த இடைவெளியில் அது தானாகப் பதிந்துகொண்டே இருக்கும். அப்படியே தண்ணீரைத் துல்லியமாக அளந்தாலும், ஒரே சூட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காலனிகளில் (பாலிப்புகள் ஒட்டி வாழும் ஒரு பவளக் கூட்டம்தான் ஒரு காலனி) ஒன்று வெளுத்துப்போக இன்னொன்று பழுப்பு நிறம் மாறாமல் நிற்கிறதே, அது ஏன் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதற்குப் பவளத்தையே சோதிக்க வேண்டும். முன்பெல்லாம் பெரிய ஆய்வகத்தில் வாரக்கணக்கில் தொட்டியைச் சூடாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2020 இல் கிறிஸ்டியன் வூல்ஸ்ட்ரா, டேனியல் பார்ஷிஸ் உள்ளிட்ட குழு ‘சிபாஸ்’ என்ற ஒரு கையடக்க முறையை வெளியிட்டது. படகிலோ கரையிலோ வைத்தே செய்யலாம், மொத்தம் 18 மணி நேரம். சின்னச் சின்னத் தொட்டிகள், மீன்தொட்டி ஹீட்டர், குளிரூட்டி, பம்பு, எல்.இ.டி. விளக்கு, எல்லாவற்றையும் கட்டுப்படுத்த ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டு. காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்குகிற அதே போர்டுதான்.

ஒரு காலனியிலிருந்து விரல்நுனி அளவில் நான்கு துண்டுகளை வெட்டி எடுக்கிறார்கள், தொட்டிக்கு ஒன்று. முதல் தொட்டி அந்த இடத்தின் கோடை உச்சத்திலேயே இருக்கும். மற்ற மூன்றும் அதைவிட 3, 6, 9 டிகிரி கூடுதல். மதியம் தொடங்கி மூன்று மணி நேரத்தில் படிப்படியாகச் சூட்டை ஏற்றி, மூன்று மணி நேரம் அங்கேயே நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறக்கி, பிறகு விடியும்வரை விட்டுவிடுகிறார்கள். சூட்டை இறக்கியபின் இருட்டில் சற்று நேரம் வைத்திருந்து அளவெடுப்பார்கள்.

அளவெடுக்கும் கருவியின் பெயர் பி.ஏ.எம். ஃப்ளூரோமீட்டர். பச்சையம் வாங்குகிற ஒளி முழுவதும் ஒளிச்சேர்க்கைக்குப் போவதில்லை, கொஞ்சம் சிவப்பு ஒளிர்வாகத் திரும்பி வெளியே வரும். இருட்டில் இருந்த பவளத் துண்டின் மேல் கருவியின் ஒளியிழை முனையை வைத்து முதலில் மிக மங்கலான ஒளி காட்டுவார்கள், அப்போது வரும் ஒளிர்வு ஓர் எண். அடுத்து ஒரு நொடிக்கும் குறைவாகப் பளீரென்று ஒரு வெளிச்சம் அடிப்பார்கள், ஒளிச்சேர்க்கையின் வாசலெல்லாம் அடைபட்டுப்போக ஒளிர்வு சட்டென்று ஏறும், அது இரண்டாவது எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவதுதான் பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறன். நல்ல நிலையில் உள்ள பவளத்தில் இது 0.6, 0.7 அளவில் இருக்கும். இதே கருவியை நம் பக்கத்து வேர்க்கடலை இலையிலும் மா இலையிலும் வைத்துப் பார்க்கலாம், ஆரோக்கியமான இலை என்றால் 0.8 ஐ ஒட்டி வரும். வறட்சியில் பயிர் எவ்வளவு திணறுகிறது என்று வேளாண் ஆராய்ச்சிக்காரர்கள் பார்ப்பதும் இப்படித்தான்.

நான்கு தொட்டியின் எண்களையும் வெப்பத்துக்கு எதிராக வரைந்தால் கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய் பிறகு சரிந்து விழும். எந்த வெப்பத்தில் திறன் பாதியாகிறதோ அதுவே அந்தக் காலனியின் மதிப்பெண், இ.டி. 50 என்பார்கள். ஒரே வாரத்தில் ஒரு பாரில் பல காலனிகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திவிட முடியும் என்பது பெரிய விஷயம். செங்கடலின் மத்தியப் பகுதியில் ஓர் இனத்தைக் குறுகிய சோதனையிலும் 21 நாள் சோதனையிலும் பார்த்தபோது முடிவுகள் ஒத்தும் போயின.

ஆனாலும் இந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. கருவி அளப்பது பாசியை, பவளம் என்ற விலங்கை அல்ல. அதனால் நிறம் எவ்வளவு குறைந்தது, தசை உரிந்ததா, ஒரு துண்டுக்குள் எத்தனை பாசி மிஞ்சியது, வெப்பத்தைச் சமாளிக்கும் புரதங்களின் மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்தன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், மூன்று மணி நேரம் 39 டிகிரி தாங்குவதும் ஒரு மாதம் 32 டிகிரி தாங்குவதும் ஒன்றா என்ற கேள்வி.

பசிபிக் கடலின் பலாவ் தீவில் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு இதைத்தான் நேரடியாகச் சோதித்தது. அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா என்ற கிளைப்பவளத்தில் சூடு தாங்கும் பெற்றோரைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகள் வளர்ந்த பிறகு மறுபடி சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். தேர்வுக்கு இரண்டு வழி: 10 நாளில் வழக்கத்தைவிட 3.5 டிகிரி வரை கூடும் கடுஞ்சூடு, ஒரு மாதம் நீளும், 2.5 டிகிரி வரை கூடும் மிதமான சூடு. 2024 இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வழியிலுமே பிள்ளைகளின் தாங்கும் திறன் கூடியது, ஒரே தலைமுறையில் சுமார் ஒரு வெப்ப வாரம் அளவுக்கு. ஆனால் கடுஞ்சூட்டில் தேறிய பெற்றோரின் பிள்ளைகள் நீண்ட சூட்டில் மற்றவற்றைவிடச் சிறப்பாக நின்றதாகத் தெரியவில்லை. கடலில் வரும் வெப்ப அலையோ வாரக்கணக்கில் நிற்பது. அப்படியென்றால் குறுகிய சோதனையில் முதலிடம் வந்த காலனியை நம்பி ஒரு பாரையே மறுநடவு செய்வது ஆபத்தான வேலை.

பழக்கத்தின் பங்கும் இருக்கிறது. அமெரிக்கச் சமோவாவின் ஓஃபு தீவில், வற்றுநேரத்தில் 34 டிகிரியைத் தாண்டும் குட்டைக்குக் குளிர்ந்த குட்டையிலிருந்து பவளத்தை மாற்றி வைத்தபோது, ஓராண்டுக்குப் பிறகு அதன் தாங்கும் திறன் உயர்ந்தது. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றின் அளவுக்கு வரவில்லை. மீதி மரபில் இருக்கிறது. உள்ளே எந்தப் பாசி குடியிருக்கிறது என்பதும் ஒன்று, ஒன்றரை டிகிரி வரை வித்தியாசம் காட்டும். அப்புறம் வெயிலின் கடுமை, மழைவெள்ளத்தில் வரும் நன்னீர், வண்டல், சாக்கடை நீரின் நைட்ரேட். நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பவளம் குறைந்த சூட்டிலேயே வெளுக்கும். தொட்டியில் சுத்தமான கடல்நீரை ஊற்றிச் சோதித்தால் இதெல்லாம் கணக்கில் வராது.

நமக்கு மிக அருகில் இருப்பது ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளின் பார்கள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டவை, 2001 இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்க்கப்பட்டது. அங்கே 2010 இலும் 2016 இலும் கடும் வெளுப்பு வந்தது. வேகமாக வளரும் கிளைப்பவளங்கள் அதிகம் அடிபட்டன, உருண்டையாக மெதுவாக வளரும் போரைட்டிஸ் வகை பெருமளவு தப்பியது. என்னைக் கேட்டால், அங்கே ஒவ்வொரு தீவிலும் அடையாள எண் கட்டிய காலனிகள் வேண்டும், அதே காலனிகளில் 18 மணி நேரச் சோதனையும் ஒரு மாதச் சோதனையும் நடக்க வேண்டும், பாரிலேயே வெப்பக் கருவி இருக்க வேண்டும். அடுத்த ஏப்ரல், மே சூட்டில் எந்தக் காலனி உண்மையில் வெளுக்கிறது என்பதை இரண்டு மதிப்பெண்ணோடும் ஒப்பிட்டால், எந்தச் சோதனையை நம்பி எந்தப் பவளத்தை மறுநடவுக்கு எடுப்பது என்பது தெரிந்துவிடும்.