11.1 வோல்ற்று என்றால் நிரம்பிய பற்றரி என்று அர்த்தமல்ல

காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெளித்ததும், கிளிநொச்சியில் உள்ள என் திருத்தகத்துக்கு உடைந்த மாதிரி விமானங்கள் வரத் தொடங்கும். போன வாரம் ஒரு தம்பி மூக்கு நொறுங்கிய விமானத்தோடு வந்தார். ஏறி ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். "பற்றரியில் பிழையில்லை அண்ணை. பறக்க முன்னர் அளந்தேன், 11.1 இருந்தது. மேலே எழுதியிருப்பதும் அதுதானே?"

எழுதியிருப்பதுதான் வினை. மூன்று செல் லித்தியம் பொலிமர் பற்றரியில் அச்சிட்டிருக்கும் 11.1, செல்லுக்கு 3.7 என்ற பெயரளவுக் கணக்கு. நிரம்பினால் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6. சும்மா இருக்கும்போதே 3.7 காட்டுகிற செல் அடிவண்டலுக்கு வந்துவிட்டது. தம்பி இறங்க வேண்டிய அளவில் ஏறியிருக்கிறார்.

ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனிக் கம்பி வந்து சேரும் சிறிய வெள்ளைச் சொருகியில் பல்மானியை வைத்து ஒவ்வொரு செல்லாக அளந்தேன்: 3.79, 3.77, 3.31. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த மூன்றாவது செல் அகப்படாது. மோட்டாருக்கு மின்னை அளந்து விட்டு, வோல்ற்று குறைந்தால் அதை நிறுத்தும் வேகக் கட்டுப்படுத்திகளில் பலவும் மொத்தத்தைத்தான் பார்க்கின்றன. போதாக்குறைக்கு, 40 மில்லி ஓம் அகத்தடை உள்ள பற்றரியிலிருந்து 25 அம்பியர் இழுத்தால் 1 வோல்ற்று உள்ளேயே கரைந்துவிடும். நலிந்த செல்லுக்கு அகத்தடை இன்னும் அதிகம். அது 3 வோல்ற்றுக்குக் கீழே போய்க் கெடும். மோட்டார் நின்ற பிறகும் சுக்கானை அசைக்கும் அளவுக்கு மின் மிஞ்சியிருக்கும். மூக்கைத் தாழ்த்திச் சறுக்கி இறக்கியிருக்கலாம். பயத்தில் இவர் மூக்கை உயர்த்த, வேகம் குறைந்து விமானம் விழுந்துவிட்டது.

என் கணக்கு எளியது. 2200 மில்லி அம்பியர் மணி பற்றரியில் 1760க்கு மேல், அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், செலவழிக்க மாட்டேன். புது விமானம் என்றால் நான்கு நிமிடத்தில் இறக்கி, மீண்டும் ஏற்றும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்து நேரத்தைத் திருத்துவேன். இறங்கிச் சற்று ஆறிய பிறகு செல்லுக்கு 3.7க்குக் குறையக் கூடாது.

மோட்டார் சைக்கிள் பற்றரி சார்ஜரில் இதை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது 14.4 வரை தள்ளும். மூன்றால் வகுத்துப் பாருங்கள், செல்லுக்கு 4.8! தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

சோளகம் பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் பறக்க முடியாது. அப்போது நிரப்பிய பற்றரிகளை அலுமாரியில் போட்டு வைப்பதும் அவற்றைக் கெடுக்கும். செல்லுக்கு 3.8 அளவுக்குக் குறைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வேண்டாம்.

தம்பியின் விமானத்தை ஒட்டிக் கொடுத்தேன். பற்றரியையும் கேட்டார். அது வீங்கியிருந்தது, கொடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் மணல் வாளிக்குள் கிடக்கிறது.